சராசரி மழை குடத்தில் விழாது

நான் இருபது வருஷமாக மழைத் தண்ணீர் குடிக்கிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரையில் விழும் மழையே ஒரு குடும்பத்தின் மொத்தத் தேவைக்கும் போதும், குழாய் இணைப்பும் லாரியும் கடல்நீர் ஆலையும் சோம்பேறிகளுக்காக ஏற்பட்டவை என்று சென்ற இதழில் எழுதியிருக்கும் கட்டுரையாளர், தம்மை மறுக்கப்போகிறவர்கள் யார் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். ஒன்று, லாரிக்காரர்களின் கூட்டாளி. இல்லையென்றால், மழையின் அருமை தெரியாத நகரவாசி. மூன்றாவதாக ஒருவன் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில் மொட்டை மாடியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறவன், சம்ப்புக்குள் இறங்கிச் சுவர் சுரண்டி முழங்கை தேய்ந்தவன். அவன் எழுதுகிற மறுப்பு இது.

கட்டுரை முழுக்க ஒரு பெருக்கல் கணக்கின் மேல் நிற்கிறது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர். இதுவரைக்கும் சரி. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு, பிழையில்லை. பிழை முழுதும் அவர் எழுதாமல் விட்ட வரிகளில் இருக்கிறது.

மாடியில் விழுவதெல்லாம் தொட்டிக்கு வராது. வெயிலில் வெந்து கிடக்கும் தட்டோடு முதல் தூறலைத் தானே குடித்துவிடும். அடுத்து வரும் அழுக்குத் தண்ணீரை நாம் வெளியே திருப்பிவிட்டாக வேண்டும். கொத்தனார் வாட்டம் சரியாகக் கொடுக்காத மூலையில் கொஞ்சம் தேங்கும். ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போனால் மிஞ்சுவது 1,04,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் கையேடு வைத்திருக்கும் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நான்கு பேருக்கு ஆண்டுக்கு 1,97,000. பாதிதான் தேறுகிறது.

135 லிட்டர் ஆடம்பரம் என்பார். சரி, 70 என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினை விற்றாயிற்று, ஒரு வாளியில் குளியல், துணி அலசிய தண்ணீரில் கழிப்பறை. நான்கு பேருக்கு நாளைக்கு 280 லிட்டர், ஆண்டுக்கு 1,02,000. அப்பாடா, வரவும் செலவும் நேராகிவிட்டது. இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் பேனாவை மூடுகிறார். கணக்கு தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

மழை ஆண்டுக்கணக்கில் பெய்வதில்லை. நாம் குடிப்பதும் ஆண்டுக்கணக்கில் இல்லை. சென்னையில் மழையின் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகள் ஒழுங்காக எட்டிப்பார்க்க ஜூன் கடைசியாகும். நடுவே 180 நாள். நாளைக்கு 280 லிட்டர் என்றால் 50,000 லிட்டர் கையிருப்பு வேண்டும். மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்குகளில் ஐம்பது. சம்ப்பாகக் கட்டினால் பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, ஆழம் ஆறரை அடி. அரை கிரவுண்டு மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குழி. அதன் மேல்தான் ஹாலில் சோபா போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான கம்பி, சிமெண்ட், தோண்டும் கூலி பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் இலவசம் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறார். தண்ணீர் இலவசம்தான். அதை ஆறு மாதம் உட்கார வைக்க இடம்தான் இலவசமில்லை.

கடன் வாங்கிக் கட்டிவிட்டார் என்றே வைப்போம். தொட்டி நிரம்புமா? அவருடைய சராசரி ஆண்டிலேயே நிரம்பாது. மூன்று மாதத்தில் அந்த மாடி தருவது 62,000 லிட்டர். அந்த மூன்று மாதமும் வீட்டில் மனிதர்கள் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள். அதில் 26,000 போய்விடும். டிசம்பர் 31 இரவு கையில் மிஞ்சுவது சுமார் 36,000. தென்மேற்குப் பருவத்தில் சேர்த்திருப்போமே என்றால், அந்த நான்கு மாத வரவு அந்த நான்கு மாதச் செலவுக்கே சரியாக இருக்கும். ஆக, 36,000 லிட்டரோடு புது வருஷம் பிறக்கிறது. கத்திரி வெயிலில் தொட்டியின் அடி தெரியும். கோடை மழை இரண்டு பெய்தால் இன்னும் சில வாரம் தள்ளலாம். இது எல்லாம் நன்றாக நடந்த ஆண்டின் கதை. ஆளுக்கு 70 லிட்டரில், விருந்தாளி வராமல், யாருக்கும் வயிற்றுப்போக்கு வராமல், ஒரு பிரசவம்கூட நடக்காமல்.

நன்றாக நடக்காத ஆண்டும் ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை சென்னைக்குப் பாதியளவுகூட வரவில்லை. அவருடைய கனவு வீட்டை அந்த ஆண்டில் நிறுத்திப் பார்த்தேன். பொங்கல் பானை கழுவத் தண்ணீர் இருந்திருக்கும். காணும் பொங்கலோடு தொட்டி காலி. அடுத்த உருப்படியான மழை 2019 ஜூன் 20-ஐ ஒட்டித்தான் வந்தது. நடுவே இருந்த ஐந்து மாதம் அந்த நான்கு பேரும் என்ன செய்திருப்பார்கள் என்று அவர் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

சராசரி என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அவர் நம்பியிருக்கும் 1,400 மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில். ஆயிரம் சதுர அடி மாடியில் அன்று மட்டும் 45,000 லிட்டர் விழுந்தது. எந்தத் தொட்டி அதை வாங்கும்? நவம்பரில் பெய்த பெய்யில் எல்லாத் தொட்டியும் முன்பே ததும்பிக் கிடந்தது. எங்கள் நான்கு அங்குலக் குழாய் திணறி, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சம்ப்பின் மூடியை எதிர்த்திசையிலிருந்து தெருத் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. அன்று நான் செய்த ஒரே மழைநீர்ச் சேகரிப்பு, மூடியின் மேல் மணல் மூட்டை அடுக்கியதுதான். ஆனால் அந்த 49 சென்டிமீட்டரும் ஆண்டுக் கணக்கில் ஏறிவிடும். அடுத்த முறை யாராவது கட்டுரை எழுதும்போது அதுவும் சேர்ந்து சராசரியாகும்.

இதெல்லாம் தனி வீட்டுக் கதை. சென்னையில் எத்தனை பேருக்குத் தலைக்கு மேல் சொந்த மொட்டை மாடி இருக்கிறது? நாலாயிரம் சதுர அடி மாடியின் கீழ் நான்கு தளம், பதினாறு வீடு. வீட்டுக்கு 250 சதுர அடி வானம். ஆண்டுக்கு 26,000 லிட்டர், நாளைக்கு 71 லிட்டர். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடமும் மேலே இரண்டு சொம்பும். குடிக்க, குளிக்க, கழுவ, துவைக்க எல்லாம் அதற்குள். பெரும்பாக்கத்தில் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய மக்களின் அடுக்குகள் எட்டு மாடி. அந்தக் கணக்கை நான் போடவில்லை. கட்டுரையாளரே போட்டுப் பார்த்து, அங்கே போய் அவர்கள் முன்னால் படித்துக் காட்டலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வாடகைக்கு இருப்பவர்கள் சம்ப் தோண்டலாமா என்று வீட்டுக்காரரிடமும் கேட்டுச் சொல்லலாம்.

உதாரணத்துக்கு அவர் மூன்று ஊர்களைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்றும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

முதலில் பெர்முடா. அட்லாண்டிக் நடுவே உள்ள தீவுக்கூட்டம். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. படிப்படியாக இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூரைகள், வீட்டுக்கு அடியில் தொட்டி, கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். எல்லாம் உண்மை. ஆண்டு மழையும் ஏறத்தாழ சென்னை அளவுதான் என்று எழுதி அவர் துள்ளிக் குதிக்கிறார். அந்த மழை பன்னிரண்டு மாதங்களிலும் பரவிப் பெய்கிறது என்பதை எழுதவில்லை. அங்கே வறண்ட அரையாண்டு என்று ஒன்று இல்லை. தொட்டி காலியாகக் காலியாக வானம் நிரப்புகிறது. நமக்கு மூன்று மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதக் குடித்தனம். அதுவும் போகட்டும், அந்தத் தீவிலும் தண்ணீர் லாரி ஓடுகிறது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. மழையை நம்பி வீட்டைக் கட்டியவர்கள் மழையை மட்டும் நம்பவில்லை.

இரண்டாவது, ராஜஸ்தானின் தாங்கா. தார்ப் பாலைவனத்து மக்கள் நிலத்தில் சரிவு ஏற்படுத்தி, நடுவே வட்டமாகத் தொட்டி தோண்டி, மூடி போட்டு, மழையைப் பூட்டி வைத்தார்கள். அனுபம் மிஸ்ரா 1990-களில் இதைப் பற்றி எழுதிய புத்தகங்களை நானும் பக்தியோடு படித்திருக்கிறேன். ஆனால் தாங்காத் தண்ணீர் குடிப்பதற்கு. நெய்யை அளப்பது போல அதை அளந்தார்கள். கால்நடைக்கு வேறு, புழக்கத்துக்கு வேறு, ஊருக்குப் பொதுக்குளம் வேறு. அவ்வளவு சிக்கனமான பாலைவனத்துக்குத்தான் பஞ்சாபின் ஆற்றுத் தண்ணீர் இந்திரா காந்தி கால்வாய் வழியாக ஜெய்சல்மேர் வரை போயிருக்கிறது. மூதாதையர் ஞானம் போதும் என்று யாரும் கால்வாயைத் திருப்பி அனுப்பவில்லை.

மூன்றாவது, பெங்களூரில் ஏ.ஆர். சிவகுமார் என்கிற விஞ்ஞானியின் வீடு. இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. சொன்னதைத் தன் வீட்டில் செய்து காட்டியவர். மழையிலேயே பல்லாண்டுகள் குடும்பம் நடத்தியவர். ஆனால் அவர் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். அடுத்தடுத்த மழைகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை நாள் இடைவெளி விழுகிறது என்று முதலில் பார்த்தார். நூறு நாளை ஒட்டி வந்தது. குடும்பத்துக்கு நாளைக்கு 400 லிட்டர். அதற்கேற்ப 45,000 லிட்டர் சேமிப்பு. அவர் கேட்ட கேள்வி ஆண்டில் எவ்வளவு பெய்கிறது என்பது இல்லை, எவ்வளவு நாள் பெய்யாமல் இருக்கும் என்பது. பெங்களூரில் ஏப்ரலில் மழை எட்டிப் பார்க்கும், நவம்பர் வரை விட்டு விட்டு வரும். அந்த வானத்துக்குப் பொருந்தும் தொட்டி, ஆறு மாதம் வாய் திறக்காத நம் வானத்துக்குப் பொருந்தாது. தனி வீடு, ஒரு விஞ்ஞானியின் மூளை, முப்பது வருஷக் கவனம் இவ்வளவும் சேர்ந்து ஒரு வீட்டைக் காப்பாற்றியிருக்கின்றன. கட்டுரையாளரோ அதைக் காட்டி ஒரு கோடிப் பேரின் குழாயை அடைக்கச் சொல்கிறார்.

பெர்முடாவுக்குப் பறந்தவர் காரைக்குடிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். செட்டிநாட்டு வளவு வீடுகளில், ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயிலிருந்து கொட்டும் மழையை முற்றத்தில் பித்தளை அண்டா வைத்துப் பிடித்தார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள் அவை. அவ்வளவு பெரிய கூரை சென்னையில் எவருக்கும் கிடையாது. கூரை போதும் என்றால் அவர்களுக்குத்தான் முதலில் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அவர்களோ அண்டாவை நிரப்பிக்கொண்டு, அதோடு நிற்காமல் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். வெட்டியதோடு விடாமல் வரத்துக்கால் காத்தார்கள், படித்துறை கட்டினார்கள். வானம் பார்த்த அந்தப் பூமியில் பணம் படைத்தவனுக்கும் தெரிந்திருந்தது, கூரைத் தண்ணீர் அண்டா அளவு, ஊர் பிழைக்க ஊருணி வேண்டும் என்று. தமிழகம் முழுக்க சுமார் 39,000 ஏரிகள் எதற்காக வெட்டப்பட்டன என்று நினைக்கிறார்? அந்தக் காலத்து ஆட்களுக்கு ஓடு வேயத் தெரியாமலா?

எனக்குப் புரியாத இன்னொன்று, அவர் மழைநீர் ஒரு பக்கம், அரசாங்கத் தண்ணீர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுக்கொள்வது. புழல் ஏரியில் நிற்பது என்ன, ஜெயிலர் தயாரித்த தண்ணீரா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கிலும் நிற்பது மழைதான். புழல் மட்டும் 3,300 மில்லியன் கன அடி கொள்ளும். அதன் கூரை பெரிது, அவ்வளவே. எல்லோர் வீட்டு மழையும் அதில் சேர்ந்து விழுகிறது. தனி வீட்டுத் தொட்டி மேல் இவ்வளவு உருகுகிறவர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைக்கும் கட்டடத்துக்கும் போனதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஊரின் பெரிய தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது. இவர் ஆளுக்கொரு சொம்பு கொடுக்கிறார்.

2003-ஐயும் இழுத்திருக்கிறார். அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். அதற்கு முன்பே பெசன்ட் நகரில் சேகர் ராகவன் போன்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார்கள். மணற்பாங்கான கடலோரத் தெருக்களில் கிணறுகள் தேறின. ஆனால் அந்தச் சட்டத்தின் நோக்கம் மழையை நிலத்துக்குள் அனுப்புவது. வீட்டை மழையில் நடத்துவது இல்லை. இரண்டும் வேறு. நிலத்துக்குள் போன தண்ணீருக்குப் பட்டா கிடையாது. என் குழியில் நான் இறக்கிய மழையை எதிர்வீட்டு முந்நூறு அடி போர் இழுத்துக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் போட்ட அன்று நான் கோபப்பட முடியாது. அது ஊர்ச் சொத்து. களிமண்ணும் பாறையும் உள்ள பகுதிகளிலோ, கெடுவுக்கு முன்னால் அவசரமாகத் தோண்டி உடைசெங்கல் நிரப்பிய குழிகள் இரண்டே மழையில் சேறு அடைத்துக்கொண்டன. இன்று அவற்றின் மேல் பைக் நிற்கிறது. இன்னொன்றையும் அவர் கவனித்திருக்கலாம். கூரைகளைச் சட்டம் போட்டுப் பிடித்த அதே அரசு, அதே சமயத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வீராணம் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தது. 2004-இல் அது சென்னைக்கு வந்து சேர்ந்தது. சட்டம் போட்டவர்களே கூரை போதும் என்று நம்பவில்லை.

மழைநீர் ஆகாச கங்கை, அதைச் சுத்திகரிப்பது பாவம் என்கிற தொனியில் ஒரு பத்தி இருக்கிறது. சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. மழை சுத்தமானதுதான், மாடியைத் தொடும் வரை. மகாளய அமாவாசைக்குக் கைப்பிடிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். அது எங்கள் வீட்டுப் பருப்பு சாதத்தோடு திருப்திப்படாமல், கறிக்கடை எலும்பைக் கொண்டுவந்து அங்கேயே வைத்துத் தின்னும். புறா, அணில், பூனை, பக்கத்து மாமரத்துச் சருகு, ஆறு மாதத்து ரோட்டுத் தூசி. இதையெல்லாம் கழுவிக்கொண்டு வருவதுதான் ஐப்பசியின் முதல் மழை. எங்கள் அம்மாவுக்குப் பெருக்கல் கணக்கு தெரியாது. ஆனால் முதல் இரண்டு மழையைத் தொடமாட்டார். மூன்றாவது மழைக்கு, முற்றத்தில் நான்கு கம்பு நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல் போட்டு, அதன் நேர்கீழே குடத்தை வைப்பார். கூரையையே நம்பாதவர்! இன்று நான் முதல் மழையை வெளியே தள்ளத் தனி வால்வு வைத்திருக்கிறேன். மணலும் கரியும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி உண்டு. அப்படியும் ஒரு வருஷம் சம்ப்பிலிருந்து வாடை வந்து இறங்கிப் பார்த்தால், குழாய் வளைவில் பல்லி. அந்த மாதம் முழுக்கக் கேன் தண்ணீர். ஏடிஸ் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். மூடி ஒரு விரற்கடை திறந்திருந்தால் தெருவுக்கே டெங்கு. காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கட்டுரையின் புனிதம் கெட்டிருக்காது.

மழைநீர் வேண்டாம் என்பதா என் கட்சி? என் சம்ப் 12,000 லிட்டர், சரியாக ஒரு தனியார் லாரி கொள்ளும் அளவு. 2004-இல் கட்டியது. அதில் குளிக்க மாட்டோம், துவைக்க மாட்டோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நான்கு பேருக்கு நாளைக்கு 25 லிட்டர் போதும். அப்படியானால் 12,000 லிட்டர் ஒரு வருஷத்தைத் தாண்டி, இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் வரும். அது நிரம்ப 160 மில்லிமீட்டர் மழை போதும், அவ்வளவு மழை 2018 மாதிரிப் பொய்த்த ஆண்டிலும் பெய்யும். பெய்தது, நிரம்பியது. 2019 மே மாதம் போரில் காற்று மட்டும் வந்தபோது, ஒரு லாரிக்கு ஐயாயிரம் கேட்டபோது, அதையும் பத்து நாள் காத்திருந்து வாங்கிக் குளித்தபோது, எங்கள் வீட்டு ரசம் மட்டும் மழைத் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது. துவரம்பருப்பு அதில் வேகும் வேகமே தனி. மழையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டால் அது கைவிடாது. குளியலறை, கழிப்பறை, காரைக் கழுவுவது எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டு, முடியவில்லை என்றால் மக்கள் சோம்பேறிகள் என்று திட்டுவதில்தான் எனக்குச் சண்டை.

கட்டுரையின் கடைசிப் பகுதி வரை எனக்கு எரிச்சல்தான் இருந்தது. கோபம் வந்தது அங்கேதான். ஒவ்வொரு வீடும் தன் தண்ணீரைத் தானே பார்த்துக்கொண்டால் நகரத்துக்குக் குடிநீர் வாரியமே தேவையில்லை, அதற்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்கிறார். இதைக் கேட்டு மகிழ்ந்துபோகக் கூடியவர்கள் யார் என்று யோசித்தாரா? ஏரியைத் தூர்வாராதவர்கள். உடைந்த குழாயை மூன்று வருஷமாகப் பார்க்காதவர்கள். சதுப்பு நிலத்தில் கட்டட அனுமதி கொடுத்தவர்கள். அத்தனை பேரும் இனி, உன் கூரையைச் சரியாக வைத்துக்கொள்ளாதது உன் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் வெடித்துக் கிடந்தன. அந்த ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. நாளைக்கு எண்பது கோடி லிட்டருக்கு மேல் கேட்கும் நகரத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் அதைக் கொண்டுவரக் குழாயும், ரயிலும், வாரியமும், திட்டுவதற்கு ஓர் அரசாங்கமும் இருந்தன. அவர் சொல்லும் நகரத்தில் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது. வானத்தைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா, அந்தக் கோடை முழுக்கக் காலை ஆறு மணிக்கு வந்து எங்கள் சம்ப்பிலிருந்து இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போவார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று துணிக்குத் தெளிக்கவும் அவர் குடிக்கவும். கட்டுரையாளரின் முறைப்படி அவருக்கு எவ்வளவு தண்ணீர் உரிமை என்று நேற்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு என்று அவர் சொல்வது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, அதற்குக் கூரைப் பங்கு வராது. வண்டிக்கு மேல் கட்டிய தார்ப்பாய் உண்டு. ஆறடிக்கு நான்கடி. ஆண்டுக்கு 3,100 லிட்டர், நாளைக்கு எட்டரை. சேதாரம் கழிக்கவில்லை.